தலைத் தண்ணீர் ஊற்றாத வீடுகள்

சென்னைப் புறநகர் ரயிலில் ஏற வேண்டுமானால் இரண்டு தவணை தடுப்பூசி போட்ட சான்றிதழைக் காட்ட வேண்டும் என்ற விதி 2022 ஜனவரி 10-ம் தேதி நடைமுறைக்கு வந்தது. மாதக் கடைசி வரை அது நீடித்தது. அரக்கோணம் மார்க்கத்தில் திருவள்ளூரைத் தாண்டினால் ஏகாட்டூர், கடம்பத்தூர், செஞ்சி பனம்பாக்கம், மணவூர், திருவாலங்காடு. அந்த வரிசையில் உள்ள ஊர்களின் பிழைப்பு பெரும்பாலும் லோக்கல் வண்டியை நம்பித்தான் இருக்கிறது. அம்பத்தூர் கம்பெனிக்குப் போகிறவர், சென்ட்ரலில் இறங்கிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிறவர், கூடையோடு ஏறும் பூக்காரம்மா எல்லோருக்கும் அதுதான் வழி. அந்த மூன்று வாரமும் ஒரே வீட்டிலிருந்து கிளம்பிய இருவரில் ஒருவர் கவுன்டரில் செல்போனைத் திறந்து, பிரதமர் படமும் கியூஆர் கட்டமும் உள்ள சான்றிதழைக் காட்டி டிக்கெட் வாங்கினார். மற்றவர் பஸ் ஸ்டாண்டுக்கு நடக்க வேண்டியிருந்தது. நடுவில் ஜனவரி 14-ம் தேதி பொங்கல் வந்தது.

ரயில்வேயின் விதிக்கு ஒரு முடிவுத் தேதி இருந்தது. வீடுகளுக்குள் அதற்கு முன்பே விழுந்திருந்த கோட்டுக்கு அப்படி எதுவும் இல்லை. "ஊசி போட்டுக்கினு வா, அப்புறம் கொழந்தையத் தூக்கலாம்" என்று அக்கா தம்பியிடம் சொன்னாள். "ஊசி போட்டவனுக்கும்தான் வருது, எங்கிட்ட மட்டும் என்னாத்துக்குப் பயப்படற?" என்று தம்பி திருப்பிக் கேட்டான். 2021-ன் கடைசி ஆறு மாதத்தில் தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளில் இந்தப் பேச்சு நடந்தது. மருத்துவத்தைப் பற்றிய வாக்குவாதம் போலத் தொடங்கி, "நான் உனக்கு யார்" என்ற கேள்வியில் வந்து நின்றது. உயிருக்கு ஆபத்து என்று சொல்லி ஓர் உறவைத் தள்ளி நிற்கச் சொல்லலாமா, சொன்னால் எதுவரை, மறுபடி உள்ளே அழைப்பது யார் பொறுப்பு? இவை மருத்துவர் பதில் சொல்லக்கூடிய கேள்விகள் அல்ல. மதமும் தத்துவமும் வெகுகாலமாகக் கையில் வைத்திருக்கும் கேள்விகள்.

ஊசி வேண்டாம் என்றவர்களை முட்டாள்கள் என்று ஒதுக்கிவிட்டால் இந்த விவகாரத்தில் பாதி புரியாமலே போகும். 2021 ஏப்ரல் 15-ம் தேதி நடிகர் விவேக் சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில், மக்களுக்கு நம்பிக்கை வர வேண்டும் என்று கேமராக்கள் முன்னால் தடுப்பூசி போட்டுக்கொண்டார். மறுநாள் மயங்கி விழுந்தார். 17-ம் தேதி காலமானார். மாரடைப்புதான் காரணம், தடுப்பூசிக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று மத்திய அரசின் பக்கவிளைவு ஆய்வுக் குழு அறிவித்தபோது அக்டோபர் ஆகிவிட்டது. இடைப்பட்ட ஆறு மாதமும் அந்த மரணம் டீக்கடைகளில் ஒரு சாட்சியமாக நின்றது. மரம் நடச் சொன்ன மனிதரை, தங்கள் வீட்டு ஆள் போல நேசித்த மனிதரை ஜனங்கள் இழந்திருந்தார்கள். அந்தத் துக்கத்துக்குள்தான் பயமும் இருந்தது.

கூலிக் கணக்கும் இருந்தது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலோ திருவள்ளூர் பக்கத்துக் காக்களூர் எஸ்டேட்டிலோ கான்ட்ராக்டில் வேலை பார்ப்பவருக்கு, ஊசி போட்ட மறுநாள் வரும் காய்ச்சல் என்பது ஒரு நாள் சம்பளம். உடம்பு வலி இன்னொரு நாள் நீடித்தால் இன்னொரு சம்பளம். மாதச் சம்பளக்கார மச்சான் வீட்டிலிருந்தபடி "ரெண்டு நாள் ரெஸ்ட் எடுத்தா சரியாயிடும்" என்று சொல்வது எளிது. கேட்கிறவரின் காதில் அது அறிவுரையாக விழாது.

இவை எல்லாவற்றையும்விட ஆழமான ஒன்றும் இருந்தது. 2021 செப்டம்பர் 12-ம் தேதி ஞாயிற்றுக்கிழமை தமிழ்நாட்டில் முதல் மெகா தடுப்பூசி முகாம் நடந்தது. ஒரே நாளில் 28 லட்சத்துக்கும் மேற்பட்டோர் போட்டுக்கொண்டார்கள். அதன் பிறகும் முகாம்கள் ஞாயிறுகளில் தொடர்ந்தன. அக்டோபரில் ஆறாவது முகாமைச் சனிக்கிழமைக்கு மாற்றினார்கள். கறி சாப்பிடுபவர்களும் மது குடிப்பவர்களும் ஊசி போட்ட பிறகு அவற்றைத் தொடக்கூடாது என்று நம்பி ஞாயிற்றுக்கிழமை வராமல் இருக்கிறார்கள் என்று மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சர் மா. சுப்பிரமணியன் காரணம் சொன்னார். இதை வெறும் தவறான தகவல் என்று பத்திரிகைகள் எழுதின. கூர்ந்து பார்த்தால், கவிச்சி கூடாது, குடி கூடாது என்பது இந்த மண்ணில் ஏற்கெனவே பழகிய ஒரு பத்தியம். வீட்டில் அம்மை கண்டால் கடைப்பிடிக்கும் பத்தியம். அரசு ஊசி என்று கொடுத்ததை ஜனங்கள் மாரியம்மனின் விதிகளுக்குள் கொண்டுவந்து வைத்துப் பார்த்திருக்கிறார்கள்.

அந்த விதிகளைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். திருவள்ளூர் மாவட்டத்தில், ஆரணி ஆற்றங்கரையில் பெரியபாளையம் பவானி அம்மன் கோயில் இருக்கிறது. ஆடி மாதம் வந்தால் வடசென்னையும் திருவள்ளூரும் ஆந்திர எல்லையும் அங்கே திரளும். துணிக்கு மேல் வேப்பிலை கட்டி வேண்டுதல் நிறைவேற்றும் கோயில் அது. அங்கே வரும் குடும்பங்களுக்கு வீட்டில் அம்மை கண்டால் என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வாசல் நிலையில் வேப்பிலைக் கொத்து செருகப்படும். அதைப் பார்த்ததும் வெளியாள் உள்ளே வரமாட்டார். உள்ளே இருப்பவரும் சொந்தக்காரர் வீட்டு நல்லது கெட்டதுக்குப் போகமாட்டார். அடுப்பில் தாளிப்பு கிடையாது, எண்ணெய்ச் சட்டி ஏறாது. படுத்திருப்பவருக்கு இளநீர், மோர், கூழ். அரிப்புக்கு விரல் போகாது, வேப்பிலைதான் தடவும். அந்த வீட்டில் யாரும் கடிந்து பேசக்கூடாது. உடம்பில் கண்டதைக் கொப்புளம் என்று சொல்லமாட்டார்கள், முத்து என்பார்கள். நேற்று வரை திட்டு வாங்கிய பையன் இன்று "தாயே" என்று அழைக்கப்படுவான். ஏனென்றால் அம்மா அவன் மேல் வந்து உட்கார்ந்திருக்கிறாள்.

முத்து காய்ந்த பிறகு, நாள் பார்த்து, மஞ்சளும் வேப்பிலையும் போட்டு வெயிலில் வைத்த நீரைத் தலைக்கு ஊற்றுவார்கள். முதல் தண்ணீர், இரண்டாம் தண்ணீர், மூன்றாம் தண்ணீர். மூன்றாவது ஆனதும் வேப்பிலைக் கொத்து இறங்கும். வீட்டைக் கழுவி விடுவார்கள். கோயிலுக்குப் போய் வருவார்கள். அன்றிலிருந்து பக்கத்து வீட்டுக்காரி பழையபடி சர்க்கரை கேட்டு உள்ளே வரலாம்.

நோய் தொற்றும் என்று அறிந்த ஒரு சமூகம் தனிமைப்படுத்தலுக்குக் கொடுத்த வடிவம் இது. அதில் மூன்று விஷயங்கள் இருந்தன. விலக்கப்பட்டவருக்கு மரியாதை உண்டு. விலக்கு எப்போது முடியும் என்று எல்லோருக்கும் தெரியும். முடிந்ததும் ஊரறியத் திரும்பி வர ஒரு சடங்கு உண்டு.

இந்த மரபைத் தூக்கிப் பிடித்துப் பாடுவதற்கும் இல்லை. பெரியம்மை கோடிக்கணக்கானவர்களைக் கொன்றது. பார்வையைப் பறித்தது. அம்மனுக்குக் கோபம் வரும் என்று தடுப்பூசிக்காரரைக் கண்டு கதவைச் சாத்திய தெருக்கள் சென்னை மாகாணம் முழுக்க இருந்தன. திருக்குறளை நேசித்த ஆங்கிலேய அதிகாரி எல்லிஸ், 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மாட்டம்மைப் பாலின் மகிமையைச் சக்தியே தன்வந்திரிக்கு எடுத்துச் சொல்வது போலத் தமிழில் ஒரு கதை புனைந்தார். ஜனங்களின் பயத்தை அவர்களுடைய தெய்வத்தின் வாயாலேயே தீர்க்கலாம் என்று நினைத்தார். கடைசியில் இந்தியாவில் பெரியம்மை 1975-ல் ஓய்ந்ததற்குக் காரணம் தடுப்பூசிதான், வேப்பிலை அல்ல. ஆனால் மருந்தின் வெற்றி ஒரு பக்கம் இருக்க, படுத்தவரை எப்படி நடத்துவது என்ற அறிவும் அதோடு போய்விட வேண்டியதில்லை.

தமிழ்ச் சமூகத்துக்கு இன்னொரு விலக்கும் தெரியும். அதில் மரியாதை கிடையாது, கெடு கிடையாது, தலைத் தண்ணீரும் கிடையாது. பிறந்ததிலிருந்து சாகும் வரை ஒட்டியிருக்கும் தீட்டு. தனிக் குவளை, தனிக் கிணறு, தனிச் சுடுகாடு. வ.வே.சு. ஐயர் நடத்திய சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனியே சோறு போட்டது 1924-25-ல் தமிழ்நாடு காங்கிரஸையே உலுக்கியது. பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் எழுப்பிய கேள்வி சோற்றைப் பற்றியது அல்ல. யார் பக்கத்தில் யார் உட்காரலாம் என்பதைப் பற்றியது. இந்த வரலாறு உடம்பில் ஏறியிருக்கும் ஒரு மனிதரிடம், சொந்தத் தங்கை வீட்டில் தனித் தம்ளரில் காபி கொடுத்தால் அவர் கிருமியைப் பற்றி மட்டும் யோசிப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. கொடுத்தவள் நல்லெண்ணத்தில் கொடுத்திருக்கலாம். அவருக்குப் பட்டது வேறு. சேரியிலிருந்து படித்து மேலே வந்த எத்தனையோ குடும்பங்களுக்கு கொரோனா கால இடைவெளி இப்படித்தான் ஒரு பழைய காயத்தின் மேலேயே வந்து உட்கார்ந்தது.

ஊசி போட்டவர்களும் போடாதவர்களும் பிரிந்தபோது வீடுகள் இந்த இரண்டு விலக்குகளில் எதைக் கைக்கொண்டன என்பதுதான் முக்கியம். தொடக்கத்தில் அது அம்மை வீட்டு விலக்குதான். பாட்டிக்குச் சர்க்கரை, தாத்தாவுக்கு இதயக் கோளாறு, கொஞ்ச நாள் வராதே என்றார்கள். மாதங்கள் போகப் போக விலக்கு நோயை விட்டு ஆளின் மேல் ஒட்டிக்கொண்டது. "அவன் ஊசி போடாதவன்" என்பது ஒரு குணமாக, ஏறக்குறைய ஒரு பிறவியாக ஆனது. குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் சான்றிதழைப் படமெடுத்துப் போடுவது வழக்கமானது. போடாதவர் பதில் போடாமல் இருந்தார், பிறகு குழுவிலிருந்தே வெளியேறினார். அவர் இருமினால் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஊசி போட்டவர் இருமினால் அது தூசி.

கோட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று ஒரு மனிதரை அடையாளப்படுத்தும் விஷயத்தில் திருவள்ளூர் மண்ணுக்கு ஓர் அரிய அனுபவம் இருக்கிறது. இன்று அது பெரும்பாலும் மறந்துபோய்விட்டது.

1968-ல், இந்தப் பகுதி செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தபோது, காசநோய்க்கான பி.சி.ஜி. தடுப்பூசி உண்மையிலேயே எவ்வளவு காக்கிறது என்று கண்டறிய உலகின் மிகப் பெரிய ஆய்வுகளில் ஒன்று இங்கே தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்தியது, உலக சுகாதார நிறுவனம் துணை நின்றது. திருவள்ளூரைச் சுற்றிய 209 ஊராட்சிகள், நகரப் பகுதிகள் சில. சுமார் 3.6 லட்சம் பேரை வீடு வீடாகக் கணக்கெடுத்தார்கள். கையில் சோதனை ஊசி போட்டுத் தடிப்பை அளந்தார்கள். பெரியவர்களுக்கு எக்ஸ்ரே, சந்தேகமானவர்களுக்குச் சளிப் பரிசோதனை. பிறகு தடுப்பூசி. மூன்றில் ஒருவருக்கு முழு அளவு மருந்து, ஒருவருக்கு அதில் பத்தில் ஒரு பங்கு, ஒருவருக்கு மருந்தே இல்லாத வெறும் திரவம். யாருக்கு எது என்பதைக் குலுக்கல் போலத் தீர்மானித்தார்கள். போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது, போட்டவருக்கும் தெரியாது.

ஒரே திண்ணையில் உட்கார்ந்து கையை நீட்டிய அண்ணன் தம்பிகளில் அண்ணனுக்கு மருந்தும் தம்பிக்கு வெறும் நீரும் போயிருக்கும். அவர்கள் அதன் பிறகு 15 ஆண்டு ஆய்வுக் கண்காணிப்பில் இருந்தார்கள். ஒன்றாக உழுதார்கள், ஒரே பாயில் படுத்தார்கள், பாகம் பிரித்துக்கொண்டார்கள், சண்டை போட்டார்கள். அந்தச் சண்டைகளில் ஊசி ஒரு காரணமாக இருந்திருக்க முடியாது. மருந்து ஏறியவன், மருந்து ஏறாதவன் என்ற பிரிவு அந்தக் கிராமங்களில் உண்மையாகவே இருந்தது. ஆனால் அது ஆய்வகத்தின் பதிவேட்டில் மட்டும் இருந்தது. மனிதர்களின் நெற்றியில் எழுதப்படவில்லை.

முடிவு வந்தபோது மருத்துவ உலகம் அதிர்ந்தது. முதல் ஏழரை ஆண்டுக் கணக்கு 1979-80-ல் வெளியானது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயைத் தடுப்பதில் பி.சி.ஜி. போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் வித்தியாசமே தெரியவில்லை. 1999-ல் வெளியான 15 ஆண்டு முடிவும் அதையே உறுதி செய்தது. குழந்தைகளுக்கு வரும் மூளைக்காய்ச்சல் போன்ற கடுமையான காசநோய்களுக்கு எதிராக அது பயன்படும் என்பதால் இன்றும் பிறந்த குழந்தைக்குப் போடுகிறோம், போட வேண்டும். ஆனால் ஊருக்கே பெரும் கவசம் என்று நம்பப்பட்ட ஒன்று திருவள்ளூர் கிராமங்களில் கவசமாக நிற்கவில்லை.

இதற்கு முன்பே ராஜாஜி பி.சி.ஜி.யை எதிர்த்தார் என்பதும் நினைவுகூரத் தக்கது. முதல்வர் பதவியிலிருந்து விலகிய பிறகு, 1955-ல், தான் ஏன் அதை எதிர்க்கிறேன் என்று ஒரு சிறு நூலே வெளியிட்டார். சென்னையில் ஏ.வி. ராமன் அதே பிரசாரத்தை முன்னின்று நடத்தினார். ராஜாஜியின் வாதங்களில் பல அறிவியலுக்குப் பொருந்தாதவை. பின்னால் வந்த ஆய்வு முடிவை வைத்து அவரைத் தீர்க்கதரிசி ஆக்கவும் முடியாது. ஆனாலும் அவர் கேட்டதில் ஒன்று இன்றைக்கும் நிற்கிறது: கோடிக்கணக்கான ஆரோக்கியமான உடம்புகளில் ஒன்றைச் செலுத்தும்போது, அதன் பலன் பற்றி அரசு எவ்வளவு உறுதியாக இருக்க வேண்டும், எவ்வளவு வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்? திருவள்ளூர் ஆய்வு அந்தக் கேள்விக்கு அறிவியலே கொடுத்த நேர்மையான பதில். நம்பியதைச் சோதித்தார்கள். பொய்த்தபோது மறைக்காமல் வெளியிட்டார்கள். ஊசி போட்டுக்கொண்டவர் தன் உறவினரிடம் பேச வேண்டிய தொனியை இங்கிருந்து கற்றிருக்கலாம்.

கொரோனா தடுப்பூசி பி.சி.ஜி. போன்றதல்ல என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இரண்டாம் அலையின்போது தமிழ்நாட்டுக் காவல்துறையினர் 1,17,524 பேரின் பதிவுகளைச் சென்னையில் உள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் ஆராய்ந்தது. ஒரு தவணை போட்டவர்களிடம் மரணம் 82 சதவீதமும், இரு தவணை போட்டவர்களிடம் 95 சதவீதமும் தடுக்கப்பட்டிருந்தது. போடாமல் இருந்தவர்கள் 17,059 பேர்தான். ஆனாலும் இறந்த 31 பேரில் 20 பேர் அவர்களில் இருந்தார்கள். "போட்டுக்கோ" என்று கெஞ்சிய அக்காவின் பின்னால் இந்த எண்கள் நின்றன. தம்பி செத்துவிடக் கூடாது என்ற பதற்றம்தான் அவளுடைய கோபத்துக்குள் இருந்தது. அது அன்பின் வகையைச் சேர்ந்தது என்பதில் சந்தேகம் வேண்டாம்.

மறுத்தவருக்கும் கடமை உண்டு. இதைப் பற்றி மிகக் கறாராக யோசித்தவர், விசித்திரமாக, தடுப்பூசியை வெறுத்த காந்தி. உடல்நலம் பற்றி 1913-ல் தென்னாப்பிரிக்காவில் குஜராத்தியில் எழுதிய தொடரில் அம்மை குத்துவதைக் காட்டுமிராண்டித்தனம் என்றார். ஆனால் மனசாட்சியின் பேரில் மறுப்பவர் அதனால் வரும் தண்டனையையும் தனிமையையும் ஏற்கும் துணிவு கொண்டவராக இருக்க வேண்டும் என்றும் எழுதினார். இந்த அளவுகோலை வைத்தால், நீரிழிவுள்ள தாயோடு ஒரே அறையில் படுத்துக்கொண்டு "என் உடம்பு, என் இஷ்டம்" என்று சொல்பவரின் வாதம் முழுமை பெறாது. பத்துக்குப் பத்து அறையில் ஐந்து பேர் மூச்சு விடும் வீட்டில் ஓர் உடம்பு எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது? கபசுரக் குடிநீரைக் குடித்துக்கொண்டு, கூட்டத்துக்குப் போகாமல், அம்மாவுக்குத் தூரத்திலிருந்து சோறு வைத்தவர் காந்தி சொன்ன மறுப்பாளருக்கு அருகில் வருகிறார். முகக்கவசத்தைத் தாடையில் தொங்கவிட்டுக்கொண்டு கல்யாண வீடு வீடாக ஏறி இறங்கியவர் வரமாட்டார். சட்டத்தில் மனசாட்சி மறுப்பு என்ற உரிமையை முதலில் எழுதியதே 1898-ல் இங்கிலாந்தின் தடுப்பூசிச் சட்டம்தான். போருக்குப் போக மறுத்தவர்களுக்கு அது பிறகுதான் வந்தது.

அரசுகள் இந்த நுணுக்கங்களுக்குள் போகவில்லை, போகவும் முடியாது. நீலகிரியில் 2021 செப்டம்பரில் தடுப்பூசிச் சான்று இருந்தால்தான் டாஸ்மாக்கில் பாட்டில் என்றார்கள். நவம்பரில் மாநிலம் முழுக்க, 1939-ம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டத்தைக் காட்டி, பொது இடங்களுக்கு வருபவர்கள் ஊசி போட்டிருப்பதை உறுதி செய்யச் சொன்னார்கள். டிசம்பரில் மதுரை மீனாட்சி அம்மன் கோயிலில் இரு தவணை போட்டவர்களுக்கு மட்டுமே அனுமதி என்று அறிவிப்பு வந்து பெரும் சர்ச்சையானது. சர்ச்சை வந்தது நியாயம். சாராயக் கடையின் கதவும் சன்னிதியின் கதவும் ஒரே வகைக் கதவு அல்ல. நோயாளி போய் முறையிடும் இடம் கோயில். திருவள்ளூரிலேயே வீரராகவப் பெருமாளுக்கு வைத்திய வீரராகவர் என்றுதான் பெயர். உப்பும் மிளகும் காணிக்கை கொட்டி, குளத்தில் வெல்லம் கரைத்து, நோய் கரைய வேண்டும் என்று அமாவாசைதோறும் ஜனம் நிற்கிறது.

தமிழர்கள் வாழும் வெளிநாடுகளில் இந்தக் கோடு இன்னும் அழுத்தமாக விழுந்தது. சிங்கப்பூரில் 2021 அக்டோபர் 13 முதல் ஊசி போடாதவர் தேக்கா சந்தையில் உட்கார்ந்து தோசை சாப்பிட முடியாது, பொட்டலம் கட்டிக்கொண்டு போகலாம். டிசம்பர் 8 முதல், தானாக ஊசியை மறுத்தவருக்குக் கொரோனா வந்தால் மருத்துவமனைச் செலவு அவருடையது. 2022 தைப்பூசத்தில் காவடி கிடையாது, பால்குடம் மட்டும், அதுவும் முழுமையாகத் தடுப்பூசி போட்ட பக்தர்களுக்கு. கனடாவின் ஒன்டாரியோவில் வேறொரு ஏற்பாடு. 2021 செப்டம்பர் 22 முதல் உணவகங்களுக்கும் விருந்து மண்டபங்களுக்கும் சான்றிதழ் கட்டாயம் ஆனது. வழிபாட்டுத் தலத்தில் நடக்கும் திருமணச் சடங்குக்கு அது தேவையில்லை. ஸ்கார்பரோவின் தமிழ்க் குடும்பங்களுக்கு இதன் பொருள் தெளிவாக இருந்தது: ஊசி போடாத மாமன் தாலி கட்டும்போது அட்சதை போடலாம், மண்டபத்து விருந்தில் உட்கார முடியாது. கிருமி அளவில் இதற்கு ஒரு காரணம் உண்டு, சாப்பிடும்போது முகக்கவசம் கழன்றுவிடும். ஆனால் பந்தியில் இடமில்லை என்பதைத் தமிழர் யாரும் கிருமிக் கணக்காக மட்டும் கேட்டுக்கொள்வதில்லை.

தடுப்பூசிக் கட்டாயத்தை எதிர்த்து ஜேக்கப் புலியேல் தொடுத்த வழக்கில் 2022 மே 2-ம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. நீதிபதிகள் எல். நாகேஸ்வர ராவ், பி.ஆர். கவாய். தமிழ்நாட்டின் உத்தரவும் எதிர்க்கப்பட்டவற்றில் ஒன்று. எவரையும் வலுக்கட்டாயமாக ஊசி போட வைக்க முடியாது, உடல் மீதான உரிமை அரசியல் சாசனத்தின் 21-ம் பிரிவில் அடங்கும் என்றது நீதிமன்றம். அரசின் தடுப்பூசிக் கொள்கையைத் தவறு என்று அது சொல்லவில்லை. பொது நலனுக்காக அளவான கட்டுப்பாடு விதிக்கும் அதிகாரத்தையும் மறுக்கவில்லை. ஆனால் போடாதவர் மூலம் பரவும் அபாயம் போட்டவர் மூலம் பரவுவதைவிட அதிகம் என்று காட்டும் தரவு எதுவும் தன் முன் வைக்கப்படவில்லை, ஆகவே அன்றைய நிலையில் அந்தக் கட்டுப்பாடுகள் அளவுக்குப் பொருந்தவில்லை என்றது. ஜனவரியில் ஒமிக்ரான் இரண்டு தவணை போட்டவர்களையும் வீடு வீடாகப் படுக்க வைத்ததை எல்லோரும் கண்டிருந்தார்கள். ஊசி உயிரைக் காத்தது, பரவலை நிறுத்தவில்லை. "நீ வந்தால் எனக்கு ஆபத்து" என்ற வாதம் அதோடு பெருமளவு வலுவிழந்தது. "உனக்கு ஆபத்து" என்பது மட்டும் மிஞ்சியது. அதைச் சொல்லி ஒருவரைக் கெஞ்சலாம், திட்டலாம், அழலாம். வாசலில் நிறுத்த முடியாது.

கதவைச் சாத்தியவர்களில் பலர் இதை ஒப்புக்கொள்ளத் தயங்குகிறார்கள். அன்றைக்குத் தெரிந்ததை வைத்துச் செய்தோம் என்கிறார்கள். அது உண்மையும்கூட. பயந்த காலத்தில் பயந்ததற்கு யாரும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. கேட்க வேண்டியது வேறொன்றுக்கு: தள்ளி நிற்கச் சொன்னபோது பயன்படுத்திய வார்த்தைகளுக்கு, கெடு சொல்லாமல் விட்டதற்கு, ஆபத்து நீங்கிய பிறகும் போய் அழைக்காததற்கு. அம்மை வீட்டில் வேப்பிலையைச் செருகியவர்களே அதை இறக்க வேண்டும். படுத்திருந்தவர் எழுந்து வந்து இறக்குவது வழக்கமில்லை. அந்த முறைப்படி பார்த்தால் முதலில் நடக்க வேண்டியவர் ஊசி போட்ட உறவினர்தான். அவர் அறிவியல் பக்கம் நின்றார் என்பது இந்தக் கடமையைக் குறைக்காது.

இதில் சிக்கல் என்னவென்றால், எந்தப் பிரிவு நோயால் வந்தது, எது விதியால் வந்தது, எது மனத்தால் வந்தது என்று பிரித்தெடுப்பது எளிதாக இல்லை. நல்லதுக்குக் கூப்பிட்டால் போக வேண்டும், கெட்டதுக்குக் கூப்பிடாமலே போக வேண்டும் என்பது கிராமத்துச் சட்டம். 2021 மே மாத முழு ஊரடங்கில் சாவு வீட்டுக்கு 20 பேருக்கு மேல் கூடாது. பெரியப்பா செத்தபோது வராதவர் அந்த இருபதில் இடமில்லாமல் வரவில்லையா, பஸ் இல்லாமலா, பயந்தா, அல்லது "அந்த வீட்டில் எவனும் ஊசி போடலை" என்று நினைத்தா? வராதவருக்கே சில சமயம் விடை தெரியாது. பதினாறாம் நாள் காரியமும் அப்படியே கழிந்தது. அந்த மே மாதத்தில் போனவர்களுக்கு வருஷத் திதி 2022 மே மாதத்தை ஒட்டி வந்தது, நீதிமன்றத் தீர்ப்பு வந்த அதே நாட்களில். ரயிலில் சான்று கேட்பது நின்றிருந்தது, இருபது பேர் கணக்கும் இல்லை. விதி, பயம் என்ற இரண்டு காரணங்களும் கையில் இல்லாத முதல் பெரிய காரியம் பல குடும்பங்களுக்கு அதுதான். யாருக்கு நேரில் போய்ச் சொன்னார்கள், யாருக்குப் போனில் சொன்னார்கள், யாருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வரி மட்டும் போட்டார்கள், யாருக்கு அதுவும் போடவில்லை என்பதை அந்தந்த வீட்டார் இன்றைக்கும் மறக்காமல் வைத்திருக்கிறார்கள்.